ஐஸ் பெட்டியில் வைத்த மருந்து

பெண் பார்க்க வந்தவர்கள் சாயா குடித்து முடிப்பதற்குள் தாவூது வாயை விட்டுவிட்டான்.

"அக்காவைத் தைரியமாக் கூட்டிட்டுப் போங்க. எனக்கு நானே ஊசி போட்டுக்குவேன்."

கொச்சங்காடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அலாவுதீன் ராவுத்தர் வீட்டு முன்னறையில், எண்பதாம் வருஷக் கடைசியில் இது நடந்தது. வந்தவர்கள் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்துக்காரர்கள். மாப்பிள்ளை பீர் முகம்மது அங்கே அரிசி மில்லில் மெக்கானிக். நல்ல இடம். இதற்கு முன்பும் இரண்டு நல்ல இடங்கள் வந்தன. ராவுத்தரே திருப்பி அனுப்பிவிட்டார். காரணம் தெருவுக்கே தெரியும். மகன் தாவூதுக்குப் பதின்மூன்று வயதில் சர்க்கரை வியாதி வந்தது. வயதானவர்களுக்கு வந்து மாத்திரையில் அடங்குகிற சர்க்கரை இல்லை அது. காலையும் மாலையும் இன்சுலின் போட்டால்தான் உயிர் தங்கும் என்கிற வகை. தாய் இல்லாத வீடு. ஆசுபத்திரியில் நர்ஸ் பக்கத்தில் நின்று ஊசி போடக் கற்றுக்கொண்டு வந்தவள் அக்கா ஜலீலாதான். அவள் தூர ஊருக்குப் போய்விட்டால் இவன் கதி என்ன? இந்த ஒரு கேள்வியிலேயே அவளுக்கு வயது இருபத்தைந்து ஆகிவிட்டது.

தாவூதுக்குப் பத்தொன்பது. ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் வேலை. கப்பலேறப் போகிற சாக்குகளின் மேல் எழுத்து வெட்டிய தகடு வைத்து, கறுப்பு மையால் போய்ச் சேரும் ஊரின் பெயரைத் தேய்ப்பான். உலகத்தில் இருக்கிற துறைமுகமெல்லாம் அவன் கைவழியாகப் போனதாக ஒரு மிதப்பு. ஆனால் தன் உடம்புக்குள் எத்தனை யூனிட் மருந்து போகிறது என்று கேட்டால் அடுக்களையைப் பார்த்து "அக்கா, எத்தனை?" என்று கத்துவான். நோய் அவன் உடம்பில் இருந்தது, அதன் கவலை முழுக்க ஜலீலாவிடம் இருந்தது. இந்தப் பங்கீட்டில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

இருந்தாலும் அன்று அவன் சொன்னது வெறும் வீறாப்பு இல்லை. அக்காவின் முகம் இந்த மூன்றாவது தடவையும் வாடுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. நல்ல மனசுதான். நல்ல மனசுக்குப் பின்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்பதுதான் பையனுக்குத் தெரியாமல் போயிற்று.

ஜலீலா கற்றுக்கொடுத்தாள். முதலில் வெள்ளரிக்காயில் குத்தினான். பக்கத்து வீட்டு ஜுமைலா, ஜலீலாவின் உயிர்த்தோழி, "வெள்ளரிக்காய்க்குச் சர்க்கரை குறைஞ்சுதா தாவூது?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். பிறகு தன் தொடையிலேயே போட்டுக்கொண்டான். வலிக்கவே இல்லை. "இம்புட்டுத்தானா!" என்றான்.

இம்புட்டுத்தான் இல்லை. ஊசி குத்துவது ஒரு நொடி. அதற்கு முன்னும் பின்னும் கிடப்பதுதான் வேலை. கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். காலையில் மூத்திரத்தில் சில சொட்டுகளை நீலத் திராவகத்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கிச் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது, பச்சை என்றால் பரவாயில்லை, மஞ்சள் என்றால் கவனம், செங்கல் நிறம் என்றால் ஆசுபத்திரி. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் கிடையாது. அதனால் ஒரு சட்டி நிறைய மணல், நடுவில் ஒரு சின்னக் கலயம், அதற்குள் மருந்துக் குப்பி. மணல் காயாமல் இரண்டு வேளையும் நீர் தெளிக்க வேண்டும். ஜலீலா இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் ஒன்று விடாமல் தலையை ஆட்டினான்.

ஜனவரியில் நிக்காஹ் முடிந்து ஜலீலா புதுநகரம் போனாள். வண்டியேறும்போது அழுததெல்லாம் அவள்தான். தாவூது பெரிய மனுஷன்போல மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு காலையில் நேரமாகிவிடுகிறது என்று நீலத் திராவகம் வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு அதுவும் அலமாரியில் தூசி பிடித்தது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு அதைக் கிளற வேண்டும்? மாதாமாதம் அக்காவோடு போகிற ஆசுபத்திரிக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது, அதையும் விட்டான். ஏப்ரலில் வெயில் ஏறியது. ஒருநாள் மத்தியானம் வந்து பார்த்தால் மணற்சட்டி காய்ந்து, கலயத்தைத் தொட்டால் சுட்டது.

அப்போதுதான் நம்ம ஆளுக்கு மூளை வேலை செய்தது. அப்படி ஒரு யோசனை மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த ஒருத்தனுக்குத்தான் வரும். இங்கே கெட்டுப்போகிற சாமான் எது இருந்தாலும் ஐஸில் போடு என்பதுதான் ஊர் வழக்கம். மீன் ஐஸில் கிடக்கிறது. இறால் ஐஸில் கிடந்து ஜப்பான் வரைக்கும் போகிறது. இத்தனூண்டு மருந்து கிடக்காதா?

சுள்ளிக்கல்லில் அழகர் என்று ஒரு கூட்டாளி இருந்தான். ராமநாதபுரத்துப் பையன்; பிழைக்க வந்து, பள்ளிக்கூட வாசலில் குச்சி ஐஸ் விற்றுக்கொண்டிருந்தான். ஐஸ்கட்டியை உடைத்து, கல்லுப்பு தூவி, அதற்குள் தகரக் குழாய்களை இறக்கிச் சர்பத்தை உறைய வைக்கிற மரப்பெட்டி அவனுடையது. ஒரு செம்பு தண்ணீர் தெளிக்கச் சோம்பிய தாவூது, புதிதாக வாங்கிய குப்பிகளைத் துணியில் முடிந்துகொண்டு சுள்ளிக்கல் வரை சைக்கிள் மிதித்தான்.

"இதை உன் பெட்டியில ஒரு மூலையில வை மாப்ளே. வேணுங்கிறப்ப ஒண்ணொண்ணா வந்து எடுத்துக்கறேன்."

"அதுக்கென்ன மாப்ளே, பிள்ளைக எடுத்துச் சப்பாம இருந்தாச் சரி," என்றான் அழகர். உப்பு அதிகம் போட்ட மூலையாகப் பார்த்து, நண்பனின் மருந்தை நட்போடு புதைத்து வைத்தான்.

முதல் குப்பியை எடுக்கப் போனபோது அது கல்லாக உறைந்திருந்தது. தாவூது அதை வெயிலில் வைத்து இளக்கினான். உள்ளே மருந்து திரிந்த பால்போலத் திப்பித் திப்பியாக நின்றது. குலுக்கிப் பார்த்தான். 'நல்லா கட்டியாயிருக்கு, வீரியம் கூடியிருக்கும்போல' என்று நினைத்துக்கொண்டு போட்டுக்கொண்டான்.

இரண்டு மூன்று நாளில் தாகம் எடுத்தது. வெயில் என்று நினைத்தான். கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடித்தான், கிட்டங்கியில் மை தேய்ப்பதும் கொல்லைப்பக்கம் ஓடுவதுமாக இருந்தான். கைலி இடுப்பில் நிற்கவில்லை. கெண்டைக்கால் இரவில் முறுக்கிக்கொண்டது. கடைசியில் ஒருநாள் காலையில் பயந்துபோய், தூசி தட்டி, நீலத் திராவகத்தை விளக்கில் காட்டினான். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சளிலும் நிற்காமல் செங்கல்லாகி அடியில் படிந்தது.

சட்டென்று அதைச் சாக்கடையில் கொட்டினான். மறுநாளும் செங்கல். ஊசி போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன், ஏன் இப்படி என்று பயந்தான். அப்போது மனசின் ஓரத்தில் ஒரு எண்ணம் வந்து உட்கார்ந்தது: 'இனி அக்காவைக் கூப்பிட வேண்டியதுதான்.'

அந்த எண்ணம் வந்ததும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன பயன்? பயத்தை விட அந்தச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. நான் முயற்சி பண்ணினேன், முடியவில்லை, என் தப்பு இல்லை. இனி அக்கா வருவாள், அவள் பார்த்துக்கொள்வாள், நான் சும்மா படுத்துக் கிடக்கலாம். ஆகவே அவன் ஆசுபத்திரிக்குப் போகவில்லை. அத்தா ராவுத்தரிடமும் சொல்லவில்லை. அத்தா தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அவர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துச் சுருண்டு படுத்தான்.

ராவுத்தருக்குக் கண் இருந்தது. ராத்திரிச் சோற்றை மகன் அளைவதைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நான் புதுநகரம் போயி அவளைக் கூட்டிட்டு வர்றேன்," என்றார். "கொஞ்ச நாள் இங்கெயே நிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுல எதாவது சொல்வாங்க. சொல்லட்டும், நம்ம பிள்ளையில்லையா பெரிசு."

தாவூது வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகவே உறங்கினான்.

காலையில் ராவுத்தர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எர்ணாகுளம் போய் ரயில் பிடிக்கப் படகுத்துறைக்குப் போன கொஞ்ச நேரத்தில் ஜுமைலா வந்தாள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகப் புதுநகரம் போய்விட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். கையில் ஒரு ஜாடி.

"இந்தா, நாரத்தங்காய். உங்கக்கா கொடுத்து விட்டா. இனிப்பு ஒண்ணும் கொடுத்து விட மாட்டா, கேட்டியா, அவ அங்கெ இருந்தாலும் ஞாபகமெல்லாம் உன்மேலதான்."

"அக்கா எப்படியிருக்கா ஜுமைலாக்கா?"

"எப்படியிருக்கா?" ஜுமைலா சிரித்தாள். "உறங்குறா! நான் போனப்ப மணி ஏழரை, சூரியன் மூஞ்சியில அடிக்குது, அவ போர்த்திக்கிட்டு உறங்குறா. எனக்கே நாணமாப் போச்சு. புதுப்பொண்ணு இப்படி உறங்கலாமான்னு கேட்டா, அவ புருஷன் சொல்றாரு, எழுப்ப வேண்டாம், ஆறு வருஷமா விடியக்காலம் எந்திரிச்ச பொண்ணில்லையா, உறங்கட்டும்னு. முதல் ரெண்டு வாரமும் விடியக்காலத் தொழுகைப் பாங்குக்கு முன்னாடியே திடுக்குன்னு எந்திரிச்சு உட்கார்ந்துடுவாளாம். இப்பத்தான் மாறியிருக்கு. பின்னே, நீ நேரா ஊசி போடுறேல்ல, அந்த நிம்மதி."

சொல்லிக்கொண்டே வந்தவள் அவன் முகத்தைக் கவனித்தாள். "என்னடா, இப்படி ஒட்டிப்போயிருக்கே? சுகமில்லையா?"

ஆறு வருஷமாக விடிகாலையில் அவன் போர்வையைக் கொஞ்சமாக விலக்கி, அவன் விழிக்காதபடி ஊசி போட்டுவிட்டுப் போன கை அது. அந்தக் கைக்கும் உறக்கம் வேண்டியிருக்கும் என்று ஒருநாள், ஒரே ஒருநாள்கூட அவனுக்குத் தோன்றியதில்லை. ஏழரை மணி வரை உறங்குகிற அக்காவை நினைத்துப் பார்க்க முயன்றான். அப்படி ஒரு அக்காவை அவன் பார்த்ததே இல்லை. அவமானத்தில் காது மடல் வரை சுட்டது.

"ஜுமைலாக்கா, அத்தா போட்டு ஏறப் போயிட்டாரு. நிறுத்தணும்," என்று எழுந்தான்.

சைக்கிள் மிதிக்கத் தெம்பில்லை. பாதையோரச் சுவர்களைப் பிடித்துப் பிடித்து நடந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. மருந்துக் குப்பி சட்டைப் பையில் கிடந்து நெஞ்சில் இடித்தது. எதற்கு எடுத்துக்கொண்டு வந்தோம் என்று அவனுக்கே தெரியாது. துறையை அடைந்தபோது எர்ணாகுளம் போட்டில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. ராவுத்தர் ஒரு காலைப் படகில் வைத்திருந்தார்.

"அத்தா, அக்காவைக் கூப்பிடப் போகாதீங்க."

"மோனே, நீ எதுக்கு இந்த வெயில்ல... பின்னே உன்னை யாரு பாக்குறது?"

"நான்."

"நீ பாத்த லட்சணந்தான் தெரியுதே!" என்று ராவுத்தர் கத்தினார். படகில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியுது அத்தா. நான் ஒழுங்காப் பாக்கலை." தாவூதுக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் நிறுத்தவில்லை. "திராவகத்துல செங்கல் நிறம் வந்துச்சு. பாத்துட்டுக் கொட்டிட்டேன். ஆசுபத்திரிக்குப் போகலை. அக்கா வருவாள்லன்னு உள்ளுக்குள்ள எனக்கு சந்தோஷம். விழுந்தா அவளைக் கூப்பிடுவீங்கன்னு தெரிஞ்சுதான் உங்க முன்னாடி வந்து படுத்தேன். அவ வந்தா நான் சரியாவேன். அவ போனா மறுபடியும் விழுவேன். அப்ப அவ எப்பத்தான் அவ வீட்டுல இருக்கிறது?"

ராவுத்தர் மகனைப் பார்த்தார். அவருக்கும் குத்தியது. மகள் போன பிறகு அவருக்கும் வீடு வீடாக இல்லை. கூட்டிவர ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்கும் ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்தது. படகுக்காரன் மணியடித்தான்.

"கேறணோ வேண்டயோ காக்கா?" என்று, ஏறுவாரா மாட்டாரா எனப் பொறுமையில்லாமல் கேட்டான்.

"கேறு," என்று ராவுத்தர் மகனின் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "ரயிலுக்கு இல்லை. ஆசுபத்திரிக்கு."

ஆசுபத்திரியில் டாக்டர் வழக்கம்போலப் பெரியவரைப் பார்த்துத்தான் எல்லாம் கேட்டார். எத்தனை யூனிட், எப்போது சாப்பாடு, எத்தனை நாளாகத் தாகம். ராவுத்தர் மகனைப் பார்த்தார். மகன்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், மென்று முழுங்காமல். சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினான். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை எங்கே வச்சிருந்தீங்க?"

"ஐஸ் பெட்டியில சார். குச்சி ஐஸ் பெட்டியில."

டாக்டருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "குளிர்ச்சியா இருக்கணும், உறையக் கூடாது. உறைஞ்சா இந்த மருந்து செத்துப்போச்சு. இத்தனை நாளா நீங்க போட்டுக்கிட்டது ஏறக்குறைய வெறும் தண்ணி. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா உங்களைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க."

படுக்கையில் சேர்த்து, சிரையில் சொட்டுச் சொட்டாக நீர் ஏற்றினார்கள். நர்ஸ் பெயரை எழுதிக்கொண்டே, வீட்டில் பெண்கள் யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டாள். "ஒரு சேச்சியுண்டு," என்றான் தாவூது. "ஞான் போயி பறஞ்ஞோளாம்." அக்காவிடம் தானே போய்ச் சொல்வதாக அவன் சொன்னதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் எடுத்துக்கொண்டான்.

ஜூனில் மழை பிடித்த பிறகு போனான். ஊசி காரணமாக, ஆசுபத்திரியில் கிடந்தது தவிர, அவன் வீட்டை விட்டு வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. இதுதான் முதல் தடவை. தகர டப்பாவில் சிரிஞ்சு, சோதனைக் குழாய், திராவகம், ஸ்பிரிட் விளக்கு. ஈரத்துணி சுற்றிய சின்னக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர், "நெய்யா தம்பி?" என்றார். "இல்லைங்க, மருந்து. எனக்குச் சர்க்கரை," என்றான் தாவூது. அந்தப் பேச்சை இத்தனை வருஷமும் அக்காதான் அவனுக்காகப் பேசியிருந்தாள். வாயில் புதிதாக இருந்தது.

புதுநகரத்து வீட்டில் ஜலீலாவின் மாமியார்தான் கதவைத் திறந்தாள். மில்லிலிருந்து மச்சான் இன்னும் வரவில்லை. "வா மோனே, வா. ஜலீலா உறங்குறா. எழுப்புறேன் இரு."

"வேண்டாம் மாமி. உறங்கட்டும்."

"ஆமாமா, இப்ப அவளுக்கு உறக்கம் கூடுதலாத்தான் வரும்." மாமியார் குரலைத் தாழ்த்தினாள். முகமெல்லாம் சிரிப்பு. "மூணு மாசம் ஆகுதுல்ல. இந்த வாரம் உங்க அத்தாவுக்குச் சொல்லி விடணும்னு இருந்தோம். எழும்பவே முடியாம வாந்தி. இப்பத்தான் கொஞ்சம் தேறியிருக்கா."

தாவூது அப்படியே பெஞ்சியில் உட்கார்ந்தான். மூன்று மாசம். அப்படியென்றால் அவன் சுருண்டு படுத்துக்கொண்டு அக்கா வரட்டும் என்று காத்திருந்தபோது, அவள் இங்கே இரண்டு உயிராக இருந்திருக்கிறாள். அத்தா போய்க் கூப்பிட்டிருந்தால் அந்த வாந்தியோடு கிளம்பி வந்திருப்பாள். வந்து அடுப்பு மூட்டிச் சிரிஞ்சைக் கொதிக்க வைத்திருப்பாள். மருமகன் ஒருத்தனோ மருமகள் ஒருத்தியோ வரப்போகிறார்கள் என்ற மகிழ்ச்சியும், தான் செய்யவிருந்த காரியத்தின் பயமும் ஒன்றாக வந்தன.

வெளியே மழை இருட்டியது. ஊசி நேரமாயிற்று.

"மாமி, ஒரு சட்டியில கொஞ்சம் தண்ணி கொதிக்க வைக்கணும். ஊசி போட்டா அரை மணிக்குள்ள நான் சாப்பிடணும். சீனி போடாத சாயாவும் ரெண்டு தோசையும் போதும்."

பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். விளக்கில் குழாயைக் காட்டினான். சிரிஞ்சை ஆறவைத்தான். குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டி, திப்பி ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான். மாமியார் ஊசியைக் கண்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஊசியை உருவிப் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது வாசற்படியில் ஜலீலா வந்து நின்றாள். தலைமுடி கலைந்து, கன்னத்தில் பாயின் தடம் பதிந்திருந்தது. முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள்.

"எத்தனை போட்டே?"

"இருபத்திநாலு. காலையில முப்பது."

"கலர்?"

"பச்சை."

"பச்சை போதாது. நீலம் வரணும்," என்று சொல்லிவிட்டு மெல்ல அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மெலிஞ்சிட்டேடா. என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னான். காய்ந்த மணற்சட்டி, அழகரின் பெட்டி, சாக்கடையில் கொட்டிய செங்கல் நிறம், ஆசுபத்திரி. அவள் வருவாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதையும் விடவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். குச்சி ஐஸ் என்ற இடத்தில் ஜலீலா சிரித்தாள். மற்ற இடங்களில் சிரிக்கவில்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா நான் வந்திருப்பேன்டா," என்றாள்.

"தெரியும்க்கா," என்றான் தாவூது. "அதான் நானே வந்தேன்."